சரிசமமான சுற்று யாருக்கு?

2021-ம் வருஷம் ஜூலை மாதம் 22-ந் தேதிக்கு முன்னால், பம்மலில் நாம் குடியிருக்கும் வீதியில் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருந்தால், "ஒரே ஒருவர், அவரும் பள்ளிக்கூட வாத்தியார்" என்றுதான் பதில் கிடைத்திருக்கும். அந்தத் தேதியில் 'சார்பட்டா பரம்பரை' என்னும் திரைப்படம் வெளியாயிற்று. நோய்க் காலமானபடியால் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தன. படம் நேரே வீட்டுக் கூடத்திற்கே வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் வீதியே இரண்டு பரம்பரையாகப் பிரிந்திருந்தது. பால் ஊற்ற வந்தவர் சார்பட்டா. எதிர்வீட்டு ஓய்வு பெற்ற தபால் அதிகாரி இடியப்ப நாயக்கர் பரம்பரை. எண்பது வயதான நம் தாயார்கூட, வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக் கொண்டு, "அந்த டான்ஸ் ஆடுகிற பையன் ரொம்ப கெட்டிக்காரன்" என்று அபிப்பிராயம் கொடுத்தார்.

சினிமாவில் ஒரு சௌகரியம் உண்டு. கடைசியில் எவனாவது ஒருவன் தரையில் விழுந்து விடுகிறான். மத்தியஸ்தர் பத்து எண்ணி விடுகிறார். மார்க் போடுகிறவர்களுக்கு வேலையே கிடையாது. நிஜமான கோதாவில் அப்படி நடப்பது அபூர்வம். அதிலும் மூன்றே சுற்று ஆடும் ஒலிம்பிக் பந்தயங்களில், பெரும்பாலும் இருவரும் நின்றபடியே மணி அடிக்கும் சப்தத்தைக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு யார் ஜயித்தார் என்று யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

படம் வந்து சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 29-ந் தேதி வியாழக்கிழமை பிற்பகலில், இந்த உண்மை நம் வீட்டுக் கூடத்தில் இடி மாதிரி வந்து விழுந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அன்று நம் மேரி கோம் அம்மையாருக்கும் கொலம்பியா தேசத்து இங்ரித் வலென்சியாவுக்கும் 51 கிலோ எடைப் பிரிவில் பந்தயம். மேரி கோமுக்கு அப்பொழுது முப்பத்தெட்டு வயது. ஆறு முறை உலகச் சாம்பியன். 2012-ல் லண்டனில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். வலென்சியாவும் லேசுப்பட்டவர் அல்லர். 2016-ல் ரியோவில் வெண்கலம் வாங்கியவர். ஆனாலும் அதற்கு முன் இவர்கள் சந்தித்தபோதெல்லாம் நம்மவரே ஜயித்திருந்தார் என்பதால், எதிர்வீட்டுப் பெரியவர் முறுக்குத் தட்டோடு முன்கூட்டியே வெற்றி விழாவுக்கு வந்து விட்டார்.

முதல் சுற்றில் மணி அடித்ததுமே வலென்சியா பாய்ந்து வந்தார். அடுத்த இரண்டு சுற்றுகளில் மேரி கோம் ஈடு கொடுத்தார். பந்தயம் முடிந்தது. முடிவைச் சொன்ன கணத்தில் நம் வீராங்கனை தாமே ஜயித்ததாக எண்ணிக் கையை உயர்த்தினார். மத்தியஸ்தர் தூக்கியதோ கொலம்பியா மங்கையின் கையை. தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு.

கூடத்தில் எழுந்த கூச்சலை வர்ணிக்க வேண்டியதில்லை. "திருட்டுத் தீர்ப்பு" என்றார் பெரியவர். நம் புதல்வி மட்டும், "அப்பா, ரெண்டாவது ரவுண்டும் மூணாவது ரவுண்டும் மேரி கோமுக்குத்தானே போட்டார்கள்? மூன்றில் இரண்டு ஜயித்தவர் எப்படித் தோற்கலாம்?" என்று கேட்டாள். இது கணக்கு வாத்தியாரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விதான். சிலேட்டுப் பலகையை எடுத்தோம்.

கோதாவின் பக்கங்களில் ஐந்து தீர்ப்பாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், அதில் ஜயித்தவருக்குப் பத்து மார்க்கும் மற்றவருக்கு ஒன்பதோ அதற்குக் குறைவாகவோ ஒவ்வொருவரும் தனித்தனியே போடுகிறார்கள். முதல் சுற்றை நால்வர் வலென்சியாவுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் மேரி கோமுக்கு. இரண்டாவதை மூவர் நம்மவருக்கு, இருவர் அவருக்கு. மூன்றாவதும் அப்படியே. நேயர்கள் கூட்டிப் பார்க்கலாம். மொத்தம் பதினைந்து தனித் தீர்ப்புகள். அவற்றில் வலென்சியாவுக்கு எட்டு. மேரி கோமுக்கு ஏழு. ஆனால் பதினைந்தையும் ஒன்றாகக் கூட்டி முடிவு சொல்வதில்லை. சுற்றுக்குச் சுற்று பெரும்பான்மை பார்ப்பதும் இல்லை. ஒவ்வொரு தீர்ப்பாளரும் தம் சொந்தத் தாளில் மூன்று சுற்றையும் கூட்டி, யாருக்கு அதிகமோ அவருக்கு ஒரு வோட்டுப் போடுகிறார். ஐந்தில் மூன்று வோட்டு வாங்கியவர் ஜயித்தவர். உதாரணமாக, இரண்டு தீர்ப்பாளர்கள் நம்மவருக்கு இரண்டிரண்டு சுற்றும், மற்ற மூவர் ஒவ்வொரு சுற்றும் கொடுத்தார்கள் என்று வைத்துக் கொண்டால், நமக்கு ஏழு, அவருக்கு எட்டு. வோட்டு மூன்றுக்கு இரண்டு. ஐந்து தாள்களிலும் 29-க்கு 28 என்ற ஒரே வித்தியாசந்தான் இருக்கும். இந்தக் கணக்கின்படி, அந்த மூவரில் யாராவது ஒருவர், தாம் வலென்சியாவுக்குக் கொடுத்த சுற்றுகளில் ஏதாவது ஒன்றை மேரி கோம் பக்கம் திருப்பியிருந்தால் தீர்ப்பே தலைகீழாகியிருக்கும்.

"அந்த ஒரு சுற்றை எப்படித்தான் தீர்மானிக்கிறார்கள்?" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர், முறுக்கைக் கடித்தபடி. அதுதான் கேள்வி.

ஒருவர் மற்றவரைத் துவைத்து எடுத்து விட்ட சுற்றைப் பற்றித் தர்க்கம் எழுவதில்லை. தர்க்கமெல்லாம் இருவரும் ஏறக்குறைய சமமாக ஆடிய சுற்றைப் பற்றித்தான். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நமக்கு இது நன்றாகத் தெரியும். எண்பது மார்க் பையனும் பத்து மார்க் பையனும் நம் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. முப்பத்து நான்கா, முப்பத்தைந்தா என்று ஊசலாடும் பேப்பர்தான் இராத்திரி பதினோரு மணிக்கு விளக்கை அணைக்க விடாமல் செய்கிறது. ஆனாலும் வாத்தியார் அதைத் திரும்பப் படிக்கலாம். குத்துச்சண்டைத் தீர்ப்பாளருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மணி அடித்த சில விநாடிகளுக்குள் மார்க் போட்டாக வேண்டும். 'இருவரும் சமம்' என்று எழுதித் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. பணத்துக்கு ஆடும் தொழில்முறைப் பந்தயங்களில் பத்துக்குப் பத்து போட இடம் உண்டு. அங்கும் அதை ஒரு பலவீனமாகவே நினைக்கிறார்கள். ஒலிம்பிக் முறைப் பந்தயத்தில் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மயிரிழையில் ஜயித்த சுற்றுக்கும் பத்துக்கு ஒன்பதுதான். தெளிவாக ஜயித்த சுற்றுக்கும் சாதாரணமாகப் பத்துக்கு ஒன்பதுதான். வித்தியாசம் வெகு அதிகமாகத் தெரிந்தால்தான் பத்துக்கு எட்டோ அதற்குக் குறைவோ. ஆகவே ஒரு சுற்றை நன்றாக ஜயித்து, மற்ற இரண்டை நூலிழையில் இழந்தவர் தோற்றே போகிறார். பார்க்கிறவர் மனத்தில் பதிவது அந்த ஒரு நல்ல சுற்று. தாளில் பதிவது மூன்று ஒன்பதும் பத்துந்தான்.

இங்கிலாந்தில் முன்பெல்லாம் இதற்கு ஒரு வேடிக்கையான பரிகாரம் வைத்திருந்தார்கள். தனித் தீர்ப்பாளர்களே கிடையாது; உள்ளே நிற்கும் மத்தியஸ்தர் ஒருவரே மார்க்கும் போடுவார். கால் மார்க் வித்தியாசம்கூடக் கொடுக்கலாம். 1971-ல் ஹென்றி கூப்பர் என்ற அந்நாட்டு மக்களின் செல்லப் பிள்ளைக்கும் ஜோ பக்னர் என்ற இளைஞருக்கும் பதினைந்து சுற்று நடந்தது. மத்தியஸ்தர் ஹாரி கிப்ஸ் கூட்டிப் பார்த்தார். பக்னருக்கு 73¾, கூப்பருக்கு 73½. பதினைந்து சுற்று இரத்தமும் வியர்வையுமாக ஆடிய பிறகு கால் மார்க்! கூப்பர் அத்துடன் கையுறையைக் கழற்றி வைத்து விட்டார். கிப்ஸுக்கும் கூப்பருக்கும் அதன்பின் வெகுகாலம் பேச்சு வார்த்தை இல்லை. கால் மார்க்கினால் தர்க்கம் குறையவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

பிறகு யந்திரத்தை நம்பினார்கள். அதற்குக் காரணமான பந்தயம் 1988-ல் ஸியோல் ஒலிம்பிக்கில் நடந்தது. அமெரிக்காவின் ராய் ஜோன்ஸும் தென் கொரியாவின் பார்க் ஸி-ஹுன்னும் இறுதிப் பந்தயத்தில் மோதினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் எண்ணியபடி ஜோன்ஸ் பதித்த குத்துக்கள் 86. பார்க் பதித்தவை 32. தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு என்று பார்க்குக்குப் போயிற்று. இதைச் சரிசமமான சுற்றுகளின் கோளாறு என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பந்தயங்களின் மிகச் சிறந்த வீரருக்கான கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள் என்பது மேலும் வேடிக்கை. லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று 1997-ல் ஒலிம்பிக் கமிட்டி சொல்லி விட்டது. ஆனால் அப்பொழுதும் தங்கப் பதக்கம் ஜோன்ஸுக்குத் திரும்பி வரவில்லை.

ஆகவே 1992-ல் பார்ஸிலோனாவிலிருந்து ஒவ்வொரு தீர்ப்பாளர் கையிலும் சிவப்புப் பொத்தான் ஒன்று, நீலப் பொத்தான் ஒன்று கொடுத்தார்கள். நல்ல குத்து விழுந்தால் அழுத்த வேண்டியது. ஐந்தில் மூவர் ஒரு விநாடிக்குள் சேர்ந்து அழுத்தினால் ஒரு மார்க். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. நடந்தது என்ன? விலாவில் அடுத்தடுத்து விழும் நான்கு குத்துக்களை விரலால் தொடர முடியவில்லை. முகத்தில் தனியாகத் தெரியும்படி விழும் ஒற்றைக் குத்துக்குத்தான் மார்க் கிடைத்தது. வீரர்கள் அதைக் கற்றுக் கொண்டார்கள். தொட்டு விட்டு ஓடுவது ஒரு கலையாயிற்று. 2012-ல் லண்டனில் நம் சுமித் சங்வான் பிரேஸில் வீரரிடம் 14-க்கு 15 என்று தோற்று, நம்மவர்கள் செய்துகொண்ட அப்பீலும் தள்ளுபடியானபோது, யந்திரத்தாலும் மனஸ்தாபம் தீராது என்று தெரிந்து போயிற்று. 2013 முதல் மறுபடியும் பத்து மார்க் முறைக்கே திரும்பினார்கள்.

நிற்க. நாம் இவ்வளவு நீளமாகப் பேசுவதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம்.

2015-ம் வருஷம் என்று ஞாபகம். நாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் இல்லாத சமயம். பள்ளி மாணவர் குத்துச்சண்டைக்குத் தீர்ப்பாளர்களைத் தயார் செய்ய ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வகுப்பு நடந்தது. "கணக்கு வாத்தியாராயிற்றே, பத்தையும் ஒன்பதையும் கூட்டத் தெரியாதா?" என்று தலைமை ஆசிரியர் நம்மை அனுப்பி விட்டார். சில மாதம் கழித்து, புறநகரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த பந்தயத்தில் வர வேண்டிய தீர்ப்பாளர் ஒருவர் வரவில்லை. வேடிக்கை பார்க்கப் போன நம்மைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தீர்ப்பாளர் மூவர், நாம் மூன்றாமவர்.

சிவப்பு மூலையில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன். பறைமேளம், விசில், சக மாணவர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் அவன் பக்கம். நீல மூலையில் நாகல்கேணிப் பக்கத்திலிருந்து வந்த பதினாறு வயதுப் பையன். தகப்பனார் தோல் கம்பெனியில் வேலை. அவனுக்காகக் கத்தியது அவன் தம்பி ஒருவன் மட்டுமே. முதல் சுற்று சிவப்புக்கு, இரண்டாவது நீலத்துக்கு என்று நம் தாளில் ஆயிற்று. மூன்றாவது சுற்று இரண்டு நிமிஷம். முதல் ஒன்றரை நிமிஷம் நாகல்கேணிப் பையன் அலட்டிக் கொள்ளாமல் இடது கையை நீட்டி நீட்டி முகத்தில் வைத்துக் கொண்டிருந்தான். சப்தமே இல்லை. கடைசி அரை நிமிஷத்தில் சிவப்பு மூலைப் பையன் இரண்டு கையையும் சுழற்றிக் கொண்டு புகுந்தான். மைதானம் எழுந்து நின்றது. மேளம் காதைப் பிளந்தது. மணி அடித்தது. நாம் சிவப்புக்குப் பத்து என்று எழுதினோம். மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் போட்டிருந்தார்கள். ஆக, பந்தயத்தைத் தீர்த்தது நம் தாள்.

சைக்கிளை எடுக்கப் போனபோது அந்தப் பையன் வந்து நின்றான். கோபமாக வரவில்லை. ஈரத் தலையும் வீங்கிய உதடுமாகக் கையைக் கட்டிக் கொண்டு, "ஸார், மூணாவது ரவுண்டுல நான் எந்த இடத்துல தோத்தேன்? சொன்னீங்கன்னா அடுத்த தடவை திருத்திக்குவேன்" என்றான்.

நமக்குப் பதில் தெரியவில்லை. "நன்றாகத்தான் ஆடினாய், தம்பி" என்று ஏதோ சொல்லி மழுப்பினோம். கணக்கில் மார்க் குறைந்த பையன் வந்து கேட்டால் எந்த வரியில் தப்பு என்று விரலை வைத்துக் காட்டுகிற நாம், அன்று விரலை வைக்க இடமில்லாமல் நின்றோம். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. யாரோ கைப்பேசியில் பிடித்த படத்தைத் தேடி வாங்கி, சப்தத்தை அடைத்து விட்டு அந்தச் சுற்றை மட்டும் பார்த்தோம். சுத்தமாக விழுந்த குத்துக்கள் நீலத்துக்குப் பதினொன்று, சிவப்புக்கு ஆறு. கடைசி அரை நிமிஷத்துப் புயலில் பாதிக்கு மேல் முழங்கையிலும் தோளிலும் பட்டு வீணாகியிருந்தது. மேளத்துக்குத்தான் நாம் மார்க் போட்டிருக்கிறோம்!

இது நம் ஒருவருடைய பலவீனம் மாத்திரம் அல்ல என்பது அற்ப சந்தோஷம். ஐரோப்பியச் சாம்பியன் பந்தயங்களை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, சொந்த ஊரில் ஆடுகிறவர் எதிராளியை வீழ்த்தி ஜயிப்பதைக் காட்டிலும் மார்க்கில் ஜயிப்பது அதிக விகிதம் என்று காட்டியது. விழுந்தவனைக் கூட்டத்தின் கூச்சல் விழ வைப்பதில்லை. மார்க் போடுகிற கையை மட்டும் லேசாகத் தள்ளுகிறது. 1987-ல் ஷுகர் ரே லெனர்ட், மார்வின் ஹாக்லரோடு ஆடியபோது, ஒவ்வொரு சுற்றின் கடைசி விநாடிகளிலும் மின்னல் மாதிரி ஒரு சரமாரி பொழிந்து தீர்ப்பாளர் மனத்தைக் கவர்ந்தார் என்று இன்று வரை சொல்கிறார்கள். அந்தப் பந்தயத்தின் மூன்று தாள்களும் விசித்திரமானவை. ஒருவர் 115-க்கு 113 என்று ஹாக்லருக்கு. ஒருவர் அதே 115-க்கு 113 என்று லெனர்டுக்கு. மூன்றாமவர் 118-க்கு 110 என்று லெனர்டுக்கு! மூவரும் பார்த்தது ஒரே பன்னிரண்டு சுற்றைத்தான்.

அந்தச் சைக்கிள் நிறுத்தத்துக் கேள்விக்குப் பிறகு நாம் நோட்டுப் புஸ்தகம் ஒன்று வைத்துக் கொண்டோம். தொலைக்காட்சியில் எந்தப் பந்தயம் வந்தாலும் சப்தத்தை அடைத்து விட்டு மார்க் போட்டுப் பழகுவது வழக்கமாயிற்று. (இல்லத்தரசிக்கு இது மிகவும் பிடித்த வழக்கம்; சப்தம் இல்லையே!) இப்படிப் பழகியதில் கண்டதை, வீட்டில் குத்துச்சண்டை பார்க்கிற நேயர்களுக்குச் சொல்கிறோம்.

முதலாவதாகப் பார்க்க வேண்டியது குத்து. எண்ணிக்கை மாத்திரம் போதாது. குத்தின் தரம் வேண்டும். மூடிய கையின் விரல் முட்டிப் பாகம் பட வேண்டும். தலையின் முன்புறமோ பக்கமோ, இடுப்புக்கு மேல் உடலின் முன்புறமோ பக்கமோ பட வேண்டும். தடுக்கப்படாமல், உடலின் பளு பின்னால் வர விழ வேண்டும். உள்ளங்கைப் பக்கம் பட்டு அறை மாதிரி சப்தம் எழுப்புவது கேட்க நன்றாக இருக்கும், மார்க் கிடையாது. பிடரியில் விழுந்தால் குற்றம். எதிராளி இரண்டு கையையும் முகத்துக்கு முன் வைத்துக் கொண்டிருக்கையில் அந்தக் கையுறை மேல் விழும் இருபது குத்தைக் காட்டிலும், நடுவில் நுழைந்து அவன் தலையைப் பின்னுக்குத் தள்ளிய ஒரு குத்துக்கு மதிப்பு அதிகம். குத்துகிறவன் கையைப் பார்க்காதீர்கள். வாங்குகிறவன் தலையைப் பாருங்கள். அந்தத் தலை பொய் சொல்லாது.

இதில் ஒருவர் தெளிவாக முந்தினால் மேலே யோசிக்க வேண்டியதே இல்லை. இதிலும் சமமாயிருந்தால்தான் அடுத்த கேள்வி. ஆட்டம் யார் இஷ்டப்படி நடந்தது? இந்த இடத்தில்தான் சாமானிய ரசிகர்கள் ஏமாறுகிறார்கள். முன்னே முன்னே வருகிறவன்தான் வீரன், பின்வாங்குகிறவன் கோழை என்று நினைத்து விடுகிறோம். முன்னே வந்து முகத்தில் வாங்கிக் கொள்வது வீரமாயிருக்கலாம், மார்க் ஆகாது. பின்னால் போய்க் கொண்டே எதிராளியைத் தன் குத்து விழுகிற தூரத்தில் நிறுத்தி வைத்திருப்பவனே சில சமயம் ஆட்டத்தை நடத்துகிறவன். மூன்றாவதாக, ஜயிக்க வேண்டுமென்ற முனைப்பு. கடைசி வரை யார் போராடினார் என்பது. முதல் இரண்டும் சமமாயிருந்தால் மட்டுமே இதற்கு வேலை. நாமோ சாதாரணமாக இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

நாம் கைக்கொள்ளும் ஓர் உபாயம்: சுற்றை மூன்று துண்டாக மனத்தில் வெட்டிக் கொள்வது. ஒவ்வொரு நிமிஷமும் முடிந்ததும் தாளில் ஒரு சிறு கோடு, சிவப்புக்கோ நீலத்துக்கோ. இரண்டுக்கும் இல்லையென்றால் ஒரு புள்ளி. மணி அடித்தபின் கடைசி அரை நிமிஷத்துப் புயல் கண்ணுக்குள் நிற்கும்போது, முதல் நிமிஷத்துக் கோடு தாளில் இருந்து கொண்டு, "என்னை மறந்தாயோ?" என்று கேட்கும். இன்னொன்று, போன சுற்றின் கடனை இந்தச் சுற்றில் தீர்க்கக் கூடாது. "முதல் சுற்றில் அவனுக்கு அநியாயமாகக் குறைத்து விட்டோம், இதில் சரிக்கட்டி விடுவோம்" என்று நினைத்தால், ஒரு பிழையோடு நிற்க வேண்டியது இரண்டாகி விடும். பேப்பர் திருத்துவதிலும் நாம் இந்தப் பாவத்தைச் செய்ததுண்டு.

அப்படியும் தீராத சுற்றுகள் உண்டு. நேர்மையான ஐந்து பேர் ஐந்து கோணத்தில் உட்கார்ந்தால், ஒருவருக்குத் தெரியும் குத்து இன்னொருவருக்கு ஆட்டக்காரர் முதுகு மறைத்துத் தெரியாமல் போகிறது. கோதாவின் அமைப்பே அப்படி. ஆகையால் மூன்றுக்கு இரண்டு என்று பிளவுபட்ட தீர்ப்பைக் கேட்டதும் இருவர் திருடர் என்றோ மூவர் திருடர் என்றோ முடிவு கட்டுவது தகாது.

திருட்டே கிடையாது என்றும் நாம் சொல்லவில்லை. ரியோ ஒலிம்பிக்கில் தீர்ப்புகளை முன்கூட்டியே ஏற்பாடு செய்யும் வழக்கம் இருந்தது என்று 2021-ல் வெளிவந்த மக்லாரன் அறிக்கை விவரமாகவே கூறியது. நம் நாட்டார் பட்ட கஷ்டமும் உண்டு. 2014-ல் இஞ்சியோன் ஆசியப் பந்தயங்களில் நம் சரிதா தேவி அரையிறுதியில் தென் கொரிய வீராங்கனையிடம் தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. பரிசளிப்பு மேடையில் கண்ணீரும் கம்பலையுமாகத் தம் வெண்கலப் பதக்கத்தை அந்தக் கொரியப் பெண்ணின் கழுத்திலேயே போட்டு விட்டார். அதற்காக ஒரு வருஷம் விளையாடக் கூடாது என்று தண்டித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த எவர் மனமும் உருகாமல் இராது.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2012-ல் லண்டனில் நம் விகாஸ் கிருஷன், அமெரிக்காவின் எரால் ஸ்பென்ஸை 13-க்கு 11 என்று ஜயித்ததாகச் சொன்னார்கள். நாமும் பம்மலில் மிட்டாய் வழங்கினோம். சில மணி நேரத்தில் அமெரிக்கர்களின் அப்பீலின் பேரில் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் மட்டும் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைப் பிடித்துக் கொண்டார், வேண்டுமென்றே பல்லுறையைத் துப்பினார் என்று கண்டு, ஸ்பென்ஸுக்கு நான்கு மார்க் கூட்டி, 15-க்கு 13 என்று மாற்றி விட்டார்கள். அன்று நம் வீதியில் எல்லோரும் சதி என்றார்கள். அந்த ஒன்பது முறையை எண்ணிப் பார்த்தவர் யார்? நாமும் எண்ணவில்லை. மிட்டாய் தின்று கொண்டிருந்தோம்.

டோக்கியோ பந்தயத்தன்று நம் நோட்டுப் புஸ்தகத்தில் முதல் சுற்று வலென்சியாவுக்கு. இரண்டும் மூன்றும் மேரி கோமுக்கு. அதாவது, நம் தாளில் 29-க்கு 28 என்று நம்மவரே ஜயித்திருந்தார். எதிர்வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டதும், "அப்படிச் சொல்லுங்கள், வாத்தியார் ஸார்!" என்று மீதி முறுக்கை நம் பக்கம் நகர்த்தினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சப்தம் கேட்டது. நாகல்கேணிப் பையன். அவனுக்கு இப்பொழுது இருபத்திரண்டு வயது. குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. காலையில் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக் கொடுக்கிறான். அந்தக் கைப்பேசிப் படத்தைப் பார்த்த மறு வாரமே நாம் அவன் வீட்டைத் தேடிப் போய், "நீ எந்த இடத்திலும் தோற்கவில்லை, தப்பு என்னுடையது" என்று சொல்லி விட்டு வந்தோம். அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் எப்பொழுதாவது வருகிறான். முகக் கவசத்தை இறக்கி விட்டுக் கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்தான். அதன் பின்புறத்தில் அவனும் மார்க் போட்டிருந்தான்.

மூன்றாவது சுற்று அவன் தாளில் வலென்சியாவுக்கு.

"என்னப்பா இது, நம்ம ஊர்ப் பொண்ணுக்கே போடலையா?" என்றார் தாயார், காப்பித் தம்ளரை நீட்டியபடி.

"இல்லே பாட்டி, மேரி கோம் அக்காவோட வலது கை ஹுக்கு ரெண்டு க்ளவுஸ்லதான் பட்டுது. ஸார் உட்கார்ந்த பக்கம் அது பட்ட மாதிரி தெரிஞ்சிருக்கும்" என்றான். தொலைக்காட்சியில் எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்துதானே பார்க்கிறோம் என்று நாம் மடக்கினோம். அவன் சிரித்து விட்டுக் கைப்பேசியை எடுத்துத் திண்ணையில் சாய்த்து வைத்தான். சப்தத்தை அடைத்தோம். முதல் நிமிஷம் மேரி கோமுக்கு என்பதில் இருவருக்கும் ஏகமனது. இரண்டாவது நிமிஷம் வலென்சியாவுக்கு என்று நாமும் ஒப்புக் கொண்டோம். மூன்றாவது நிமிஷத்தில் தகராறு. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய ஆகாய விமானம் ஒன்று இரைந்து போயிற்று. புதல்வியும் வந்து குனிந்து பார்த்தாள். "நிறுத்துங்க ஸார், இதோ இந்த ஹுக்குதான்" என்று அவன் விரலை வைத்தான். நமக்கு அது தாடையில் பட்டதாகத்தான் தோன்றிற்று. "இன்னொரு தடவை போடு" என்றோம். ஏழாவது தடவை போடும்போது கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்து விட்டது.